ஐந்து மணிக்குப் பாண் வண்டி வருகிறது, சோற்றைக் குறைத்து என்ன பயன்?

மனையாவெளி மருமகள் (இழையைத் தொடங்கியவர்)
செவ்வாய், இரவு 9.40

எங்கள் வீட்டில் ஆறு பேர். மாமா, மாமி, நாங்கள் இருவர், பத்தாம் ஆண்டு படிக்கும் மகள், நான்காம் ஆண்டு மகன். சென்ற மாதம் மாமாவுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் குளிசை தந்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். அவருக்கு வயது 71.

நான் ஒரு வேகத்தில் முழு வீட்டையும் திருத்தப் புறப்பட்டேன். ஓட்ஸ், தவிட்டுப் பாண், அப்பிள், ஒரு சின்னப் போத்தல் ஒலிவ் எண்ணெய். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய காசு 20 ஆம் திகதியே முடிந்துவிட்டது. மாமா ஓட்ஸ் கிண்ணத்தை இரண்டு தரம் கிளறிப் பார்த்துவிட்டு, "இது காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதல்லவா?" என்று கேட்டார். மகன் அதைக் கோழிக்குப் போட்டிருக்கிறான். கோழி தின்றது என்பது வேறு விடயம்.

உண்மையில் என்னைத் தோற்கடித்தது ஓட்ஸ் இல்லை. மாலை ஐந்து மணிக்கு ஒழுங்கை முனையில் பாண் வண்டியின் இசை கேட்கும். அது பீத்தோவன் எழுதியது என்று மகள் சொல்கிறாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மீன் பணிஸ் பாட்டு. அது கேட்டவுடன் மாமா கதிரையிலிருந்து எழும் வேகத்தைப் பார்த்தால் வருத்தக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆளுக்கு ஒரு பணிஸ், மாமாவுக்கு மேலதிகமாக ஒரு சீனி பணிஸ், எல்லோருக்கும் பால்தேநீர். மதியம் நான் அகப்பைக் கணக்கில் குறைத்த சோறு முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

வேலைக்குப் போய்வரும் ஒருத்தி, இருக்கிற காசில், ஆறு பேருக்கும் ஒரே பானையில் சமைத்து, இதை எப்படிச் சமாளிப்பது? இணையத்தில் வரும் "பத்து அற்புத உணவுகள்" வேண்டாம். நம் ஊர் திருகோணமலையில், நம் சந்தையில் கிடைப்பதைச் சொல்லுங்கள்.


தம்பலகாமத்தான்
செவ்வாய், இரவு 10.05

தங்கச்சி, முதலில் அந்த வெள்ளை அரிசியை வீட்டைவிட்டு அனுப்புங்கள். எங்கள் பக்கத்து வயலில் விளைந்த சிவப்பு நாட்டரிசியை அதிகம் தீட்டாமல் எடுத்துச் சமையுங்கள். என் அப்பாவுக்கு 84 வயது. மூன்று வேளையும் சோறுதான். அவருக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. சிவப்பரிசி எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது.


கிளினிக் வாசல்
புதன், காலை 6.20

31 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். தம்பலகாமத்துத் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. கடைசி வரியை மட்டும் யாரும் நம்பவேண்டாம். "எவ்வளவு சாப்பிட்டாலும்" என்ற அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது புளித்துவிட்டது.

தீட்டாத சிவப்பரிசியில் தவிடு இருக்கிறது, நார் இருக்கிறது, பி வகை வைட்டமின்கள் இருக்கின்றன. மென்று தின்ன நேரம் எடுக்கும், பசி தாங்கும், சீனி சற்று மெதுவாக ஏறும். இவ்வளவும் உண்மை. ஆனால் 100 கிராம் அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாச்சத்துத்தான், சிவப்பாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும். குரக்கனிலும் 70 கிராமுக்கு மேல் உண்டு. "குரக்கன் புட்டுத்தான் சாப்பிடுகிறேன், சீனி ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டு வந்த ஓர் ஐயாவிடம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு நீத்துப்பெட்டி நிறைய என்றார். தொட்டுக்கொள்ள? இரண்டு கதலி வாழைப்பழமும் சீனியும். குரக்கன் என்ன செய்யும், பாவம்.

தம்பியின் அப்பா எத்தனை வயது வரை வயலில் நின்றார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

இப்போது மருமகளுக்கு. சாப்பாட்டுக் கோப்பையை நடுவில் பிரித்துப் பாருங்கள். ஒரு பாதி முழுக்க மரக்கறியும் கீரையும். மற்றப் பாதியில் ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு மீன் அல்லது பருப்பு, முட்டை, கடலை. நாங்கள் வழக்கமாகப் போடுவது சோற்று மலை. அதன் அடிவாரத்தில் ஒரு தேக்கரண்டி சுண்டல், மேலே குழம்பு. கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில் சேர்ப்பதும் நம் வீடுகளில் பெரிய ஏமாற்று. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சோற்றின் பங்கிலேயே வரவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குளிசை போடும் ஆளுக்குச் சாப்பாட்டை ஒரேயடியாக வெட்டாதீர்கள், வேளை தவறவும் விடாதீர்கள். சில வகைக் குளிசைகளில் சீனி திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி விழுந்துவிடுவார்கள். எந்தக் குளிசை என்று கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

பணிஸுக்கு முன்னால் தேநீரைப் பாருங்கள். நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. மட்டமாக அள்ளினாலே கரண்டிக்கு 4 கிராம், ஆக 32 கிராம். கூடுதல் நன்மை வேண்டுமென்றால் நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதத்துக்குப் பார்த்தால் ஒரு ஆள் தேநீரில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சீனி. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை மூடி எத்தனையோ வருடம், நம் வீட்டுச் சீனி டப்பா மட்டும் ஓய்வதில்லை.


ரொறன்ரோ பனி
புதன், காலை 8.02

இங்கே நாங்கள் கினோவாவுக்கு மாறிவிட்டோம். காலையில் கேல் கீரையும் சியா விதையும் அடித்துக் குடிக்கிறோம். கணவருக்கு எட்டுக் கிலோ குறைந்தது. ஊரில் இப்போது எல்லாம் கிடைக்கிறதாமே?


திருக்கடலூர்த் தோணி
புதன், காலை 8.31

கிடைக்கிறது அக்கா. வாங்கத்தான் காசு கிடைக்கவில்லை.


கிண்ணியாக்காரி
புதன், காலை 11.15

அந்தக் கேல் கீரையை நினைத்து என் முருங்கை மரம் சிரிக்கிறது. மதிலுக்கு வெளியே கிளை நீட்டினால் நாங்கள் வெட்டி எறிகிறோம். இரும்பு, கல்சியம், வைட்டமின் ஏ எல்லாம் அதில் இருக்கின்றன.

தங்கச்சி, கீரைச் சுண்டலில் தேங்காய்ப்பூ போடப் பயப்படவேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் சேர்வதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், உம்மம்மா அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, அதில் ஒரு பிடி தேங்காய்ப்பூ சரியான அளவு. குறைக்கவேண்டியது மற்ற இடத்தில். மீன் ஆணத்துக்கும் முதற்பால், பருப்புக்கும் முதற்பால், சொதிக்கும் முதற்பால், பிறகு சம்பலும் என்றால் ஒரு நேரச் சாப்பாட்டில் ஒரு தேங்காய் போய்விடும். நான் ஒரு கறிக்கு மட்டும் முதற்பால் விடுகிறேன். மற்றவை நீர்த்த கப்பிப்பாலில் வேகும். தேங்காய் விற்கிற விலைக்கு இது உடம்புக்கு மட்டுமான யோசனை இல்லை.

இறக்கி வைத்தபின் தேசிக்காய் பிழிய மறக்கவேண்டாம். புளிப்பிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்பை இழுத்துக் கொடுக்கும். அதே நேரம் சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பைத் தேயிலைச் சாயம் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். பத்தாம் ஆண்டு மகள் இருக்கிறாள் என்கிறீர்கள், மாதவிலக்கு வரும் வயது, இதை அவளுக்காகக் கவனியுங்கள்.


திருக்கடலூர்த் தோணி
புதன், மதியம் 1.40

மீனைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது. சந்தைக்கு வருகிறவர்கள் பாரை, அறக்குளா, விளை என்று பெரிய மீனின் விலையைக் கேட்டுவிட்டு, முகம் சுருங்கி, கோழி வாங்கப் போகிறார்கள். பக்கத்திலேயே சூடையும் நெத்தலியும் குவிந்து கிடக்கும். கரைவலை வந்த நாளில் அவற்றைக் கூடைக் கணக்கில் கொடுப்போம். முள்ளோடு தின்னும் சின்ன மீனில் கல்சியம் வருகிறது, நல்ல கொழுப்பும் வருகிறது. பால்மாப் பெட்டிக்குக் கொடுக்கும் காசை நினைத்துப் பாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக் கடல் கொந்தளித்தால் நாங்கள் இறங்கமாட்டோம், மீன் விலை ஏறும். அப்போது கருவாடு. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறிக்கு உப்பே போடாமல் சமையுங்கள். என் மனைவிக்கு பிரஷர் வந்தபிறகு படித்த பாடம்.

இன்னொன்று, சூரை மீனைப் பற்றி. வெயிலில் கிடந்த சூரையை வாங்கவே வாங்காதீர்கள். அதில் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது, முகம் சிவந்து உடம்பு தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும். ஐஸில் இருந்ததா என்று கேளுங்கள். கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால்தான் வரும்.

பாண் விடயத்தில் ஒன்று. கோதுமை நம் நாட்டு வயலில் விளைவதில்லை. கப்பலில் வந்து நம் சீனக்குடா ஆலையில்தான் அரைபடுகிறது. அந்தக் கப்பல்களுக்குப் பக்கத்தால் வள்ளம் விட்டு, மீன் பிடித்து, விற்று, அந்தக் காசில் பாண் வாங்கி வருகிறேன். யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது.


விடுதிச் சமையல்
புதன், இரவு 7.55

கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். அறையில் ஒரே ஒரு மின் சோற்றுப்பானை. அரிசி வேகும்போதே மேலே பாசிப்பயறும் இரண்டு முட்டையும். பிறகு ஒரு தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய் வெட்டிச் சம்பல். முன்பு இரவில் கொத்து ரொட்டியும் சோடாவும்தான். சோடாப் போத்தலில் ஒட்டியிருக்கும் வட்டத்தைப் பார்க்கிறீர்களா? 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2016 இல் இருந்து ஒட்டுகிறார்கள். நான் அதைக் கவனித்தது சென்ற வருடம்தான்.


தம்பலகாமத்தான்
புதன், இரவு 9.10

தாதி அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கு முதலில் கோபம். பிறகு அப்பாவிடம் கேட்டேன். 76 வயது வரை மண்வெட்டியோடு வயலில் நின்றாராம். இன்று அவர் கோப்பையைக் கவனித்தேன். அவர் சாப்பிடும் சோறு என்னுடையதில் பாதி. நான் 46 வயது, நாள் முழுவதும் கதிரை வேலை, அவரை விட இரட்டிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டு அவர் ஆரோக்கியத்தைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். 2022 இல் காஸ் இல்லை, பால்மா இல்லை, பாண் விலை எட்டவில்லை. அப்போது மரவள்ளியும் வற்றாளையும் ஈரப்பலாவும் பயறும் தின்றோம். உடம்பு நன்றாகத்தானே இருந்தது?


கிளினிக் வாசல்
புதன், இரவு 9.48

தம்பி, உங்களுக்கு வளவும் வயலும் இருந்தன. அந்த வருடம் நான் இன்னும் வேலையில் இருந்தேன். தராசில் பிள்ளைகளை நிறுத்தது என் கை. வாடகை வீட்டில் இருந்து, ஒரு நேரம் சமைத்து மூன்று நேரமாகப் பிரித்த தாய்மாரைப் பார்த்தேன். கிழங்கு நல்லது என்று சொல்லுங்கள், அந்த வருடம் நல்லது என்று சொல்லாதீர்கள்.


தம்பலகாமத்தான்
புதன், இரவு 9.52

சரி அம்மா. யோசியாமல் எழுதிவிட்டேன்.


மனையாவெளி மருமகள்
வியாழன், காலை 5.50

எல்லோருக்கும் நன்றி. சோறு, மீன், தேங்காய்ப்பால் விளங்கிவிட்டது. ஆனால் ஐந்து மணியைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான் வேலை முடிந்து வந்து சேர 4.45. பாண் வண்டி 5.00. நடுவில் 15 நிமிடம்.


கிண்ணியாக்காரி
வியாழன், காலை 9.30

அந்த 15 நிமிடத்தில் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் முதல் நாள் இரவே செய்துவிடவேண்டும். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

இரவு சமையலறை விளக்கை அணைக்கும் சுவிட்சுக்குக் கீழே ஒரு சட்டி வைத்திருக்கிறேன். வேறு இடத்தில் வைத்தால் மறந்துபோகும். விளக்கை அணைக்கக் கை போகும்போது சட்டி கண்ணில் படும். உடனே ஒரு சுண்டு கடலையோ கௌபியோ பயறோ போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். காலையில் சோறு வேகும்போது மற்ற அடுப்பில் அதுவும் அவிந்துவிடும். மாலையில் செய்யவேண்டியது தாளிப்பு மட்டும். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, ஒரு பிடி தேங்காய்ப்பூ, வெங்காயம். ஏழு நிமிடம். தாளிக்கும் மணம் எழும்பும்போது பாண் வண்டிப் பாட்டுக்கு அவ்வளவு பலமில்லை.

பசியின் நேரத்தையும் பாருங்கள். பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கு அரைகுறையாகச் சாப்பிட்டு, மூன்று மணிக்கு வகுப்புக்கு ஓடி, ஐந்துக்கு வரும்போது வயிறு காந்தும். அந்தப் பசிக்குப் பணிஸ் முன்னால் வந்தால் பணிஸ், கடலை முன்னால் வந்தால் கடலை. எங்கள் வீட்டில் நோன்பு திறக்கும் நேரத்திலும் இதையே பார்க்கிறேன். கஞ்சியும் பேரீச்சம்பழமும் முதலில் உள்ளே போனால் பொரித்த சமோசாவில் கை பாதியாகக் குறையும்.

எங்கள் ஊர் எருமைத் தயிரைச் சொல்லாமல் விட்டால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். சட்டித் தயிர் நல்லது, ஆனால் அதற்கு மேல் இனிப்புப் பாணியை ஆறாக ஓடவிட்டால் அது வேறு சாமான். மாமாவுக்கு உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுங்கள்.


விடுதிச் சமையல்
வியாழன், காலை 10.12

பழமும் சேருங்கள். கொய்யாவில் தோடம்பழத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வைட்டமின் சி. அப்பிள் வாங்கிய காசுக்கு ஒரு பை கொய்யா வரும்.


ரொறன்ரோ பனி
வியாழன், மாலை 6.40

நேற்றுத் தோணித் தம்பியின் பதிலைப் பார்த்துக் கொஞ்சம் வலித்தது, பிறகு சிரித்துவிட்டேன். நான் உப்புவெளியில் பிறந்தவள். பாலைப்பழக் காலத்தில் பள்ளிவிட்டு வரும்போது உதடெல்லாம் பிசின் ஒட்ட ஒட்டத் தின்ற வாய்தான் இது. கேல் கீரை உண்மையில் எனக்குப் பிடிப்பதில்லை.


கிளினிக் வாசல்
வெள்ளி, காலை 6.15

கடலைத் திட்டம் நல்லது. வண்டியைக் கட்டாயமாக நிறுத்தவேண்டாம். 71 வயது மனிதரிடம் இருந்து எல்லாவற்றையும் பறித்தால் ஒளித்துத் தின்பார். கிளினிக்கில் சேட்டுப் பையில் சீனிப் பணிஸோடு வந்தவரைக் கண்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள், நாளை அவரே தெரியட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் கீரை, பருப்பு, பழங்களைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்கவேண்டும். சாப்பிட்டபின் ஒரு நடை. கடற்கரை உங்களுக்குக் கிட்டத்தானே.


மனையாவெளி மருமகள்
ஐந்து வாரங்களின் பின், ஞாயிறு, மாலை 5.25

வந்து சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சட்டியைச் சுவிட்சுக்குக் கீழே வைத்தேன். முதல் வாரம் இரண்டு நாள் மறந்தேன், ஒரு நாள் கௌபி அவியாமல் கல்லாகக் கிடந்தது, மாமி முகத்தைத் திருப்பினார். இப்போது சட்டியில் போடுவது மகனின் வேலை. எந்தப் பருப்பு என்று அவனே முடிவு செய்வதால் அவன் சொன்னது தப்பாது என்ற பெருமைக்காகவாவது சாப்பிடுகிறான். ஓட்ஸில் மிச்சம் கோழிக்கு.

சோற்றுக்கு அகப்பையை மாற்றினேன். பெரிய அகப்பையை மேல் தட்டில் வைத்துவிட்டு, சின்னதால் இரண்டு அகப்பை. மாமா இரண்டு என்று எண்ணிக்கொள்கிறார், எனக்கும் இரண்டுதான். தேநீரில் சீனி இரண்டு கரண்டியில் இருந்து ஒன்றரை, பிறகு ஒன்று. கணவர் இன்னும் இரண்டில் நிற்கிறார், அவரோடு சண்டை தொடர்கிறது. மதியம் இரண்டு மரக்கறி எல்லா நாளும் முடியவில்லை. வாரத்தில் நான்கு நாள் முடிகிறது. சூடை மீன் துப்பரவு செய்ய நேரம் எடுக்கிறது, தோணி அண்ணா, அதை யாரும் சொல்லவில்லையே!

மாமா தேர்ந்தெடுத்த நாள் ஞாயிறு. இன்று வண்டி வந்தது. மற்ற நாட்களில் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் பையன் இன்று நிறுத்தி, "ஐயாவை இப்போது காண்பதில்லையே, வருத்தமா?" என்று கேட்டான். மாமா காசை எண்ணிக்கொண்டே, "எனக்கு ஒன்றுமில்லை தம்பி, மருமகளுக்குத்தான்" என்றார்.

கிளினிக் 14 ஆம் திகதி. ஒரு சின்னக் கேள்வி: கௌபி ஊறிய தண்ணீரில் நுரை வருகிறது, அதிலேயே அவிப்பதா?


விடுதிச் சமையல்
ஞாயிறு, மாலை 5.31

ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள் அக்கா. வாய்வு குறையும்.


திருக்கடலூர்த் தோணி
ஞாயிறு, மாலை 6.03

சூடையைக் கத்தியால் வெட்டாதீர்கள். தலையைப் பெருவிரலால் நெரித்து இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும்.